மைனர் மாமாவின் மீசையும் என் தொங்கட்டானும்

என் அன்புப் பாப்பாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் சுகமா இருக்கோம், என் மேலுதட்டைத் தவிர, அதுக்கு மட்டும் ரெண்டு வாரமா சுகமில்ல, அந்த உதட்டோட கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். அங்க உன் உடம்பு எப்படி, வேலை எப்படி, குளிர் குறைஞ்சுதா, முதுகு வலி போச்சா, எல்லாத்துக்கும் ஒண்ணு விடாம பதில் எழுது. கவரைப் பிரிச்சதும் மடிச்சு வச்ச பழுப்புக் காகிதம் விழுந்திருக்கும், என்ன இதுன்னு முழிச்சிருப்பே. அதை இப்போ பிரிக்காதே, ஓரமா வை. கடைசியில உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் அது. நடுவுல குதிச்சுக் கடைசிப் பக்கத்துக்குப் போயிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும், சின்ன வயசுல கதைப் புத்தகத்தையே பின்னாலிருந்து படிச்சவ நீ. எழுதுறதுக்குப் பதிலா போன் பண்ணேன்னு உங்கப்பா சொன்னாரு. போன்ல நான் மழையைப் பத்தி கேப்பேன், அவர் உன் ஷூ அடி தேய்ஞ்சுதான்னு கேப்பாரு, நீ ம் ம்னு சொல்லுவே, வச்சிடுவோம். ஆறு வருஷமா அப்படித்தான் போகுது. ஏன் அப்படிப் போகுதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கூட இருக்கிற பல் டாக்டர் பொண்ணு வெறும் ரூம்மேட் இல்லம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பிச் சேர்ந்து வாழுறோம், அவளை ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமான்னு நீ அன்னைக்குக் கேட்டே. நான் என்ன சொன்னேன், இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு சொன்னேன், சொன்ன கையோட அங்க மழையான்னு கேட்டேன். அதைப் பத்தித்தான் எழுத வந்தேன் பாப்பா. ஆனா அங்க போறதுக்கு மீசை வழியாத்தான் போகணும், கொஞ்சம் பொறுமையாப் படி.

ஆரம்பிச்சு வச்சது உங்கப்பாதான். ஒருநாள் நம்ம செருப்புக் கடைக்கு ஒரு பிளம்பர் வந்திருக்கான், கை ரெண்டும் உரல் மாதிரி, பையிலிருந்து குழாய்ச் சாவி, ஸ்பேனர் எல்லாம் எடுத்து வெளிய வச்சுட்டு அடியிலிருந்து ஒரு செக்கச்செவேல்னு ஹீல்ஸ் செருப்பை எடுத்திருக்கான், குதிகால் ரெண்டா ஒடிஞ்சு தொங்குது. சம்சாரத்துக்கான்னு உங்கப்பா கேட்டாராம். எனக்குத்தான், ஆடும்போது உடைஞ்சுபோச்சுன்னு அவன் சொன்னானாம். உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஊர் உலகத்துல யார் எதைக் கால்ல போடுறாங்கன்னு அவருக்குக் கவலையே இல்ல, போட்டது உடையக் கூடாது, அவ்வளவுதான். தொண்ணூறு கிலோ ஆளு இத்துனூண்டு குச்சி மேல நின்னு குதிச்சா உடையாம என்ன செய்யும்னு அவனைத் திட்டிட்டு, கடைக்குள்ளயே ஆடிக் காட்டச் சொல்லி எடை எங்க விழுதுன்னு தரையில உக்காந்து பார்த்திருக்காரு. அப்புறம் உள்ள இரும்புக் கம்பி வச்சுத் தச்சுக் குடுத்தாரு பாரு, அடுத்த வாரமே அவனோட கூட்டமே கடைக்கு வந்துடுச்சு. பேக்கரிக்காரர், வரி ஆபீஸ் கிளார்க்கு, இன்னும் நாலைஞ்சு பேரு, எல்லாம் பத்து, பதினொண்ணாம் நம்பர் கால். ஆம்பளைங்க பொம்பள வேஷமும் பொம்பளைங்க ஆம்பள வேஷமும் போட்டு, பகட்டா, கிண்டலும் பாட்டும் ஆட்டமுமா ஒரு நிகழ்ச்சி, டிராக்னு சொல்றாங்க, உனக்கு நான் சொல்லித் தெரியணுமா. நம்ம பிளம்பர் தம்பிக்கு மேடையில பேரு பாதாள ராணி. எப்படிடா உன்னைக் கூப்பிடுறதுன்னு நான் ஒருநாள் நேராவே கேட்டுட்டேன். பைப்பு மாட்டும்போது தம்பின்னு கூப்பிடுங்கம்மா, கவுன் மாட்டிட்டா ராணின்னு கூப்பிடுங்க, ரெண்டும் எனக்கு இஷ்டம்தான்னு சொன்னான். இவ்வளவுதானா விஷயம், நான் என்னமோ பெரிய பரீட்சைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

உங்கப்பா ஒவ்வொருத்தரையும் பழுப்புக் காகிதத்து மேல நிக்க வச்சு பென்சிலால காலைச் சுத்தி வரைஞ்சுதானே அளவு எடுப்பாரு, வேலை முடிஞ்சா அந்தக் காகிதம் குப்பைக்குப் போயிடும். கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குற காகிதம் மட்டும் குப்பைக்குப் போகாது, என்னோடது, அவரோடது, மூணு வயசிலிருந்து வருஷா வருஷம் வரைஞ்ச உன்னோடது. ராணி அதைப் பார்த்துட்டு இது எந்த கஸ்டமரோடதுன்னு கேட்டிருக்கான். கஸ்டமர் இல்ல, வீட்டு ஆளுங்கன்னு உங்கப்பா சொன்னாராம். இந்த ஆணியை ஞாபகம் வச்சுக்கோ.

நூலகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கூடத்துலதான் நிகழ்ச்சி. நம்ம ஊர்ல ஆணை விரும்பின ஆணுங்க, பெண்ணை விரும்பின பெண்ணுங்க, ஆம்பளன்னும் பொம்பளன்னும் மத்தவங்க போட்ட கோட்டுக்குள்ள நிக்காதவங்க, இவங்கல்லாம் ஐம்பது வருஷமா எப்படி வாழ்ந்தாங்க, எங்க கூடினாங்க, யார்கிட்ட அடி வாங்கினாங்க, எப்படிச் சிரிச்சாங்கன்னு நூலகப் பொண்ணு தேடித் தேடி போட்டோவும் துண்டுச்சீட்டும் சேர்த்து கண்காட்சி வச்சிருக்கா. அந்தக் கதைகளைத்தான் ராணியோட கூட்டம் வேஷம் கட்டி ஆடப்போகுது. ஒருநாள் சாயந்தரம் என் பஸ் ஷிப்ட் முடிஞ்சதும், ரிப்பேர் ஆன ஆறு ஜோடி ஹீல்ஸை நூலகத்துல குடுத்துட்டு வான்னு உங்கப்பா என் தலையில கட்டினாரு. டிரைவர் யூனிபார்மோடயே போனேன். நூலகப் பொண்ணு ரசீது எழுதிக்கிட்டிருந்தா, நான் சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படம், நாப்பத்திரண்டு வருஷம் முந்தினது. அதே கூடம், வாசல்ல பெரிய பூட்டு. நிகழ்ச்சி நடத்தக்கூடாதுன்னு யாரோ கடைசி நிமிஷத்துல பூட்டிட்டுப் போயிட்டாங்களாம், அதனால இவங்க எல்லாரும் கவுனும் பொய் முடியுமா வெளிய நடைபாதையிலேயே ஆடியிருக்காங்க. நடுவுல ஒருத்தர் இடுப்புல கை வச்சு, ஒரு காலை மட்டும் ஊனி, முகவாயைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. கீழ பேர் எல்லாம் போட்டிருக்கு, அவருக்கு மட்டும் பெயர் தெரியாதவர்னு இருக்கு. நான் முகத்தைப் பார்க்கல பாப்பா, காதைப் பார்த்தேன். என் தொங்கட்டான்! மூணு அடுக்கு, நடுவுல நீலக்கல், இடது பக்கத்துல ஒரு கல் இல்லாம. பதினேழு வயசுல தொலைச்சுட்டேன்னு எங்கம்மாகிட்ட விளக்குமாத்தால அடி வாங்கினேனே, அதே தொங்கட்டான். அடத் திருட்டுப் பயலே, என் தொங்கட்டான்னு கத்திட்டேன். நூலகத்துல. யூனிபார்மோட. பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டாரு.

உனக்கு ஒரு மாமா இருந்தாரு, வெளியூர்ல காய்ச்சல்ல இறந்துட்டாருன்னு மட்டும்தான் சொல்லி வச்சிருக்கேன். அவர்தான் அது. என் அண்ணன். வீட்ல பேரு மைனர். கையில சீப்பைச் சுழட்டிக்கிட்டு நடக்கிற அந்த நடையும் எண்ணெய் வச்சு வாரின முடியும், மெல்லிசா கத்தரிச்ச மீசையும் அவரும், ஒரு தெரு நடந்தா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. அந்த நடைபாதை ஆட்டத்துக்காக மீசையை எடுத்துட்டு வந்தப்போ ஏன்டா எடுத்தேன்னு நான் கேட்டேன், அரிச்சுதுன்னு சொன்னாரு. மறுநாள் எங்கப்பா காதுக்கு விஷயம் போயிடுச்சு. பெட்டியைத் தூக்கி வெளிய வச்சாரு. அண்ணன் படி இறங்கினதும் எங்கப்பா என்னைப் பார்த்துத் தாழ்ப்பாள் போடுன்னு சொன்னாரு, நான் போட்டேன். நான்தான் போட்டேன் பாப்பா, இந்தக் கையாலதான். ஆறு வருஷம் கழிச்சு ஒரு கடிதம் வந்துது, உங்க அண்ணனோட வாழ்ந்தவன் நான், அவர் போயிட்டாரு, உங்களைப் பத்தி ரொம்பப் பேசுவாரு, ஒரு தடவை வந்து உங்களைப் பார்க்கலாமான்னு ஒரு மனுஷர் முத்து முத்தா எழுதியிருந்தாரு. யார் கடிதம்னு எங்கப்பா கேட்டாரு. யாருமில்லன்னு சொன்னேன். பதில் போடணும் போடணும்னு தையல் மிஷின் டிராயர்ல வச்சிருந்தேன், வீடு மாத்தினப்போ அந்த மிஷினோட அதுவும் போச்சு. சரி, அழுவாதே, நான் அழுறதை நிறுத்திட்டேன், இனிமே சிரிப்புத்தான் வரப்போகுது.

நூலகப் பொண்ணு ஓடி வந்து, இவரைத் தெரியுமாம்மா, பேர் கிடைக்காம நாலு மாசமா அலையிறேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் திருதிருன்னு முழிச்சுட்டு, இல்லம்மா யாரோன்னு நினைச்சுட்டேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். மறுநாள் பஸ்ஸுல ரெண்டு ஸ்டாப்பை நிறுத்தாமயே தாண்டிட்டேன், முப்பது வருஷ சர்வீஸ்ல நடக்காதது. பேர் தெரியாதவராமே, அதுவும் என் அண்ணன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துது. உங்கப்பாகிட்ட சொன்னேன். அவர் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஊசியில நூல் கோத்துக்கிட்டே இருந்தாரு, அப்புறம், அவரோட காலளவு ஒண்ணு என்கிட்ட இருந்திருக்கலாம்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு மேல என்னால வீட்ல உக்கார முடியல. ஒத்திகை நடக்கிற இடத்துக்குப் போனேன், பேரைச் சொல்லிட்டு வரலாம்னுதான் போனேன். அங்க பாதாள ராணி, அந்தப் படத்துல இருக்கிறவர் எப்படி நடந்திருப்பாருன்னு நடந்து காட்டுறான். பார்க்கச் சகிக்கல. வாத்து நடை. என்னால பொறுத்துக்க முடியல, தள்ளுடா தம்பின்னு சொல்லிட்டு மைனர் நடையை நடந்து காட்டிட்டேன், தோளைச் சாய்ச்சு, சீப்பைச் சுழட்டி. கூட்டமே வாயைப் பிளந்துடுச்சு. எப்படிம்மா இதுன்னு கேட்டாங்க. பஸ் கண்ணாடியில தினம் ஆயிரம் பேர் நடையைப் பார்க்கிறேன்ல, அப்படித்தான்னு ஒரு புளுகு விட்டேன். இந்த வேஷம் உங்களுக்குத்தான், வேற யாரும் போட முடியாதுன்னு ராணி ஒத்தைக் கால்ல நின்னான், அதுவும் ஹீல்ஸோட.

அதனால உங்கம்மா, அம்பத்தொம்பது வயசுல, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போற பஸ் டிரைவர், மேடை ஏறுறதா முடிவாச்சு. வேஷம் என்னன்னு கேளு. நான் பொம்பள, ஆம்பள வேஷம் போடுறேன், அந்த ஆம்பள மேடையிலேயே பொம்பள வேஷம் போடுறான். எனக்கே பாதி நாள் நான் யாருன்னு தெரியல. முதல்ல கோட்டும் மீசையுமா கண்ணாடி முன்னால மைனர் நடை, அப்புறம் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மீசையை ஒரே இழுப்பா இழுத்து கூட்டத்துல வீசணும், கோட்டைக் கழட்டினா உள்ள கவுன், தொங்கட்டானை மாட்டிக்கிட்டு படத்துல நிக்கிற மாதிரியே நிக்கணும். பின்னால திரையில அந்தப் படம் வரும், நூலகப் பொண்ணு மைக்குல இவர் பேரு நமக்குத் தெரியலன்னு சொல்லுவா, அதோட முடியும். தொங்கட்டானை உங்கப்பாவே ஷூ பக்கிள்ல செஞ்சு குடுத்தாரு, நீலக்கல்லுக்கு பட்டன், இடது பக்கம் ஒரு கல் குறைச்சு. நானா பேரைச் சொல்லாமலே ஒத்திகைக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருந்தேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும், அப்புறம் யாருமில்லன்னு எங்கப்பாகிட்ட சொன்ன அதே வாய்தானேன்னு மூடிக்கும். அங்க எல்லாரும் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாங்க, எனக்கு லிப்ஸ்டிக் போடக் கத்துக் குடுத்தாங்க, நான் அவங்களுக்கு பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி தோளை இறக்கி நிக்கக் கத்துக் குடுத்தேன். இருவது வயசுல கூட நான் அப்படிச் சிரிச்சதில்ல. ஒரே ஒரு தொல்லை, மீசை. எனக்கு மேலுதடு வேர்க்கும், ஒட்டுற கோந்து இளகி மீசை வழுக்கிக்கிட்டு வரும். ஒரு தடவை டீக்குள்ள விழுந்துடுச்சு, வரி ஆபீஸ் கிளார்க்கு பூச்சின்னு நினைச்சு டீயைக் கொட்டிட்டாரு.

இப்பதான் உங்கப்பா வராரு. அவர் ஒத்திகைக்கு வருவாரு, எல்லார் குதிகாலையும் தட்டிப் பார்ப்பாரு, நான் மீசையோட நடக்கிறதை ரசிச்சுப் பார்ப்பாரு, பாதியிலேயே கடை திறக்கணும்னு போயிடுவாரு. அதாவது அவர் பார்த்ததெல்லாம் முன்பாதி மட்டும்தான். பின்பாதியில மீசை கழண்டு வரணும்கிறது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லல, ஆச்சரியமா இருக்கட்டும்னு விட்டேன். அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் மனைவியோட மீசை ஒழுங்கா ஒட்ட மாட்டேங்குது, ஒட்டின ஒண்ணு பிரிஞ்சு வந்தா அவருக்கு மானம் போற விஷயம். நிகழ்ச்சி அன்னைக்கு மத்தியானம் நான் கண்ணை மூடி உக்காந்திருக்கேன், இமைக்கு மை போடுறாங்க, மீசை ஒட்டுற வேலையை நான் பார்க்கிறேன்னு உங்கப்பா முன்வந்தாரு. உதட்டுல ஒரு பூச்சு, மீசையில ஒரு பூச்சு, பத்து நிமிஷம் காயட்டும்னு சொன்னாரு. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். அப்புறம் கட்டைவிரலால இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஓங்கி அழுத்தினாரு பாரு, சுத்தியலால தட்டாததுதான் பாக்கி. வாசனை வேற ஒரு மாதிரி இருந்துது. நம்ம கடை வாசனை. மேடைப் பயத்துல அது எனக்கு உறைக்கவே இல்ல.

கூடம் நிறைஞ்சு வழியுது பாப்பா, நிக்க இடமில்ல. பாதாள ராணி தங்கக் கலர் கவுன்ல வந்து நின்னா, இந்தக் கதவு ஒருகாலத்துல பூட்டிக் கிடந்துது, இன்னைக்கு பிளம்பர்கிட்ட சாவி இருக்குன்னு ஆரம்பிச்சா, கைதட்டு அடங்கவே அஞ்சு நிமிஷம். எனக்கு முறை வந்துது. கோட்டு, சீப்பு, மீசை. நடந்தேன். சொன்னா நம்பமாட்டே, ரெண்டாவது அடியிலேயே பயம் போயிடுச்சு, என் தோளு அண்ணன் தோளாச்சு, கூட்டம் விசிலடிக்குது, நான் மீசையை நீவிக்கிட்டு முன்வரிசையில ஒரு அம்மாவைப் பார்த்துக் கண்ணடிச்சேன். பாட்டு உச்சத்துக்குப் போச்சு. மீசையைப் பிடிச்சேன், இழுத்தேன். மீசை வரல, உதடு வருது. இன்னொரு இழுப்பு இழுத்தேன், உசிரு போயிட்டு வந்துது, கண்ணுல தண்ணி கொட்டுது. ஆகா என்ன நடிப்புன்னு சில பேர் உருகிட்டாங்களாம், பின்னால சொன்னாங்க. மூணாவது இழுப்புக்கு முன்வரிசையிலிருந்து உங்கப்பா எழுந்து நின்னு கையை ஆட்டி, அடியே இழுக்காதே, அது ஷூ அடி ஒட்டுற கோந்து, தோலோட வந்துடும்னு போட்டாரு பாரு ஒரு சத்தம். அப்புறம் கூடமே வெடிச்சுது. சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியிலிருந்து விழுந்தவங்க இருக்காங்க. ராணி மேடை ஓரத்துல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குலுங்குறா, கண் மையெல்லாம் வழிஞ்சு கன்னத்துக்கு வந்துடுச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாட்டு நிக்கல. சரி நடக்கிறது நடக்கட்டும்னு கோட்டைக் கழட்டி எறிஞ்சேன், மீசையோடயே தொங்கட்டானை மாட்டினேன், மீசையோடயே இடுப்புல கை வச்சு ஒரு காலை ஊனி முகவாயைத் தூக்கினேன். பின்னால திரையில அண்ணன் படம் வந்துது. திரும்பிப் பார்த்தேன். அவரும் அப்படியே நிக்கிறாரு, அதே தொங்கட்டான், அவர் கண்ணுலயும் சிரிப்பு. மைக்குல நூலகப் பொண்ணு, இவர் பேரு நமக்குன்னு ஆரம்பிச்சா.

தெரியும்னு சொல்லிட்டேன். எப்படி வந்துதுன்னு தெரியல, அந்தச் சிரிப்போட சிரிப்பா வாயிலிருந்து வந்துடுச்சு. இது என் அண்ணன், எங்க வீட்ல பேரு மைனர், அந்தத் தொங்கட்டான் என்னோடது, கேக்காம எடுத்துட்டுப் போனாரு, கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னு தெரியல, அவர் வெளிய போனதும் தாழ்ப்பாள் போட்டது நான்தான்னு எல்லாத்தையும் சொன்னேன். அப்போ ராணி தன் குதிகாலைத் தரையில டொக்குன்னு ஒரு தட்டு தட்டினா. பேக்கரிக்காரர் தட்டினாரு. கிளார்க்கு தட்டினாரு. மேடையில நின்ன அத்தனை பேரும் தட்டினாங்க, அப்புறம் கூடம் முழுக்க ஷூவாலயும் செருப்பாலயும் தட்டினாங்க, தரை அதிருது, திரையில அண்ணன் ஆடுறாரு, நிஜமாவே ஆடுற மாதிரி இருந்துது பாப்பா. ஒரு ஹீல்ஸ் கூட உடையல. உங்கப்பா இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு, மனைவி மேடையில அழுதா சிரிச்சாங்கிறதெல்லாம் அவருக்கு ரெண்டாம்பட்சம், இவ்வளவு தட்டுக்கும் ஒரு கம்பி வளையலங்கிறதுதான் சேதி. மறுநாள் நூலகப் பொண்ணு வெள்ளை அட்டையையும் பேனாவையும் என் கையில குடுத்தா. அண்ணன் பேரை முழுசா எழுதினேன், பக்கத்துல வீட்ல மைனர்னு எழுதினேன், அதுக்குக் கீழ, தொங்கட்டான் தங்கச்சியோடதுன்னும் எழுதினேன். இருக்கட்டும், உண்மை உண்மைதானே.

மீசை மூணு நாள் வரல. கிளினிக் நர்ஸம்மா எண்ணெய் தடவி ஊறப்போடுங்க, இழுத்தீங்கன்னா தழும்பாயிடும்னு சொல்லி, சொன்னதும் அறைக்கு வெளிய ஓடிப்போய் சிரிச்சுட்டு வந்தாங்க. திங்கக்கிழமை லீவு கேட்டேன், ஆள் இல்லன்னுட்டாங்க. மீசையோடயே டிப்போவுக்குப் போனேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தாரு, விதிப் புத்தகத்தை எடுத்தாரு, ரொம்ப நேரம் புரட்டினாரு, மீசை ஒழுங்கா கத்தரிச்சிருக்கணும்னுதான் போட்டிருக்கு, யாருக்குன்னு போடல, ஓட்டுங்கன்னுட்டாரு. அன்னைக்கு என் பஸ்ஸுல ஏறினவங்க எல்லாரும் நேரத்துக்கு முன்னாலயே வீடு போய்ச் சேர்ந்த மாதிரி சந்தோஷமா இறங்கினாங்க. தினமும் என் பஸ்ஸுல வர்ற ஒரு அம்மா, இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை பேசாதவங்க, கடைசி ஸ்டாப்புல என் பக்கத்துல வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் கூடத்துல நீங்கதானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். என் பையனும் ஒருத்தனோடதான் வாழுறான், ரெண்டு வருஷமா நான் போன் எடுக்கலன்னாங்க. இறங்கிட்டுத் திரும்பி ஜன்னல் வழியா, இன்னைக்கு எடுக்கப் போறேன்னாங்க. நான் கதவை மூட மறந்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், பின்னால ஹார்ன் அடிக்கிறாங்க.

அந்த அம்மாவுக்கு ரெண்டு வருஷம். எனக்கு ஆறு. அண்ணனோட வாழ்ந்த மனுஷருக்குப் பதில் போடாம விட்டது முப்பத்தாறு. அந்த மனுஷர் வந்து பார்க்கலாமான்னு கேட்டாரு, நீயும் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டே, ரெண்டு தடவையும் ஒரே கேள்வி, ரெண்டு தடவையும் நான் ஒரே தாழ்ப்பாளைத்தான் போட்டிருக்கேன். அவர் இருக்காரோ இல்லையோ, விலாசம் என்கிட்ட இல்ல. உன் விலாசம் இருக்கு. பாப்பா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பயத்துல சொன்னேன், வெக்கத்துல சொன்னேன், எதுல சொன்னாலும் தப்பு தப்புதான். உன்னைத் தனியா ஒரு ஊர்ல விட்டுட்டு இங்கயிருந்து மழையைப் பத்தி விசாரிச்சுக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சுடு. கோபம் இருந்தா திட்டி எழுது, நல்லா திட்டு, ஆனா எழுது.

இப்போ அந்தப் பழுப்புக் காகிதத்தைப் பிரி. உங்கப்பா கடையில அறுத்துக் குடுத்தது. அதுல உன் பல் டாக்டரை நிக்க வச்சு, ரெண்டு காலையும் சுத்தி வரைஞ்சு அனுப்பு. இதைத்தான் கேக்க வந்தேன். சாயந்தரம் வரையணுமாம், காலையில கால் சுருங்கியிருக்கும், உங்கப்பா கண்டிப்பாச் சொல்லச் சொன்னாரு. ரெண்டு கால்லயும் சமமா நிக்கணும், பென்சிலைச் சாய்க்காம நேரா பிடிக்கணும், ரெண்டு காலும் ஒரே அளவுன்னு நினைச்சு ஒண்ணை மட்டும் வரைஞ்சு ஏமாத்தக் கூடாது. எதுக்குன்னு அவ கேட்டா, ஷூ தைக்கத்தான்னு சொல்லு, அது உண்மைதான், தோலு கூட எடுத்து வச்சுட்டாரு. ஷூ முடிஞ்சதும் அந்தக் காகிதம் எங்க போகும்னு அவளுக்கு நீயே சொல்லு. ஆணியில உன் காகிதத்துக்குப் பக்கத்துல நேத்தே இடம் ஒதுக்கிட்டாரு.

உடம்பைப் பார்த்துக்கோங்க. வெறும் வயித்துல காபி குடிக்காதே, அவளையும் குடிக்க விடாதே, பல் டாக்டருக்கு நான் சொல்லணுமான்னு இருக்கு, இருந்தாலும் சொல்றேன், அதுக்குத்தானே அம்மா. மீசையை சோப்பு டப்பாவில பத்திரமா வச்சிருக்கேன், நீங்க வர்ற அன்னைக்குப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வரேன், அடையாளம் தெரியலன்னு சொல்லாதீங்க. இந்தத் தடவை நல்ல கோந்து. நீங்க ரெண்டு பேரும் நூறு வருஷம் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்கணும், சண்டை போட்டாலும் பொழுது சாயறதுக்குள்ள பேசிடணும். எந்நேரம் வந்தாலும் மணி அடிக்க வேணாம், கதவைத் தள்ளிட்டு உள்ள வாங்க, தாழ்ப்பாளை உங்கப்பா கழட்டி ஆணிப் பெட்டியில போட்டுட்டாரு.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரோட
அம்மா